தொப்பியைக் கழற்றாதவர்கள்

1670 செப்டம்பர். லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்துக்கு வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இரண்டு கைதிகளைக் கொண்டுவந்தார்கள். உள்ளே நுழையும்போதே அவர்கள் தலையிலிருந்த தொப்பிகளைச் சேவகர் ஒருவர் எடுத்துவிட்டார். வெறுந்தலையோடு நின்றவர்களைப் பார்த்தார் லண்டன் மேயர் சாமுவேல் ஸ்டார்லிங். தொப்பிகளைத் திரும்ப அவர்கள் தலையிலேயே வைக்கும்படி உத்தரவு போட்டார். வைத்தார்கள். அடுத்த கணமே, நீதிமன்றத்தில் தொப்பியைக் கழற்றவில்லை என்று சொல்லி ஆளுக்கு 40 மார்க் அபராதம் விதித்தார்கள். அந்தக் காலத்தில் அது ஏறக்குறைய 27 பவுண்டு; ஒரு கூலிக்காரக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் உழைத்தாலும் மிச்சம் பிடிக்க முடியாத பணம்.

பென்னுக்கு வயது 25. கடற்படைத் தளபதியின் மகன். தொப்பியை எங்கள் தலையில் வைக்கச் சொன்னது நீதிமன்றம்தான், எனவே அபராதம் கட்ட வேண்டியதும் நீதிமன்றம்தான் என்று வாதாடினார். எடுபடவில்லை. கிரேஸ்சர்ச் தெருவில் சட்டவிரோதமாகக் கூட்டம் கூட்டிப் பேசினார்கள் என்பது அசல் வழக்கு. வழக்கமாகக் கூடும் கட்டடத்தைச் சிப்பாய்கள் பூட்டிவிட்டதால், பென் தெருவில் நின்று பேசியிருந்தார். அந்த வழக்கில் ஜூரிகளாக உட்கார்ந்த 12 பேரும் பட்ட பாடு தனிக் கதை. அவர்களை அடுத்த வாரம் சந்திப்போம். இந்த வாரம் தொப்பி.

ஒரு தொப்பிக்காகவா இத்தனை? தமிழ் வாசகருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பண்ணையார் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற தலைமுறைகள் நமக்கும் உண்டு. அன்றைய இங்கிலாந்தில் ஆண்கள் வீட்டுக்குள்ளும் தொப்பியோடு இருப்பார்கள், சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார்கள். ஆனால் நிலப்பிரபு வந்தால், நீதிபதி வந்தால், பெற்ற தகப்பன் வந்தால் தொப்பி கைக்கு வந்துவிட வேண்டும். பென்னும் மீட்டும் சேர்ந்திருந்த கிறிஸ்தவக் குழுவினரான குவேக்கர்கள் ஒரே ஓர் இடத்தில்தான் தொப்பியைக் கழற்றினார்கள்: கடவுளிடம் ஜெபிக்கும்போது. அந்த மரியாதையை மனிதனுக்குக் கொடுப்பதில்லை என்பதில் அரசன், ஆண்டி என்ற வித்தியாசம் அவர்களுக்கு இல்லை.

தொப்பியைவிட ஆத்திரமூட்டியது இன்னொன்று. அந்நாள் ஆங்கிலத்தில் நம் 'நீ', 'நீங்கள்' போல இரண்டு சொற்கள் இருந்தன. சமமானவர்களையும் கீழே உள்ளவர்களையும் ஒருமையில் அழைப்பார்கள். மேலே உள்ளவர்களைப் பன்மையில். இதற்குக் குவேக்கர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: கடவுளையே ஒருமையில் அழைத்துத்தானே ஜெபிக்கிறோம், ஒற்றை மனிதனை மட்டும் ஏன் பன்மையில் அழைக்க வேண்டும்? எல்லாரையும் 'நீ' என்றார்கள். நீதிபதியையும் 'நீ', பிரபுவையும் 'நீ'. இதற்காக அடி வாங்கியவர்கள் ஏராளம். 1660இல் குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸும் இரண்டு தோழர்களும் சேர்ந்து, ஒருவரை ஒருமையில் அழைப்பதே முறை என்று காட்ட, பல மொழிகளின் இலக்கணத்தைத் தொகுத்து ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார்கள்.

தாமஸ் எல்வுட் என்ற இளைஞரின் கதையைக் கேட்டால் இந்த விஷயம் வீட்டுக்குள் என்ன செய்தது என்பது புரியும். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு சிறுபண்ணைக்காரரின் மகன் அவர். அப்பா உள்ளூர் நீதிபதியும்கூட. குவேக்கர் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த மகன் அப்பாவின் எதிரில் தொப்பியோடு நின்றான். அப்பா இரண்டு கையாலும் குத்தினார், தொப்பியைப் பிடுங்கி எறிந்தார். மகன் வேறு தொப்பி போட்டான். அதையும் பிடுங்கினார். வீட்டில் இருந்த தொப்பிகள் எல்லாம் இப்படியே போக, அந்தக் குளிர்காலம் முழுக்க எல்வுட் வெளியே தலைகாட்ட முடியாமல் வீட்டில் கிடந்தார். ஆனால் தொப்பியைவிட அப்பாவின் நெஞ்சைச் சுட்டது, மகன் வாயிலிருந்து தன்னை நோக்கி வந்த 'நீ' என்ற சொல்தான். இதே எல்வுட்தான் பிற்காலத்தில் பார்வையிழந்த கவிஞர் மில்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லத்தீன் புத்தகங்களை வாசித்துக் காட்டியவர்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது திமிராகத் தெரிந்தது. உள்ளே இருந்தது வேறு.

ஜார்ஜ் ஃபாக்ஸ் 1624இல் லெஸ்டர்ஷயரின் ஃபென்னி டிரேட்டன் கிராமத்தில் ஒரு நெசவாளியின் வீட்டில் பிறந்தார். செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழகினார். 19 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, மனத்தில் இருந்த தவிப்போடு ஊர் ஊராக அலைந்தார். பாதிரியார்களிடம் ஒருவர் மாற்றி ஒருவராகப் போய்க் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. 1647 வாக்கில், எல்லாரிடமும் கேட்டு ஓய்ந்த பிறகு, தான் தேடிய குரல் தனக்குள்ளேயே பேசுவதை உணர்ந்தார். கிறிஸ்துவே நேரடியாகப் போதிக்கிறார், நடுவில் ஆள் தேவையில்லை என்ற தெளிவு அது. யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரம், உலகத்தில் பிறக்கும் எந்த மனிதனையும் ஒளிரச் செய்யும் ஒளியைப் பற்றிச் சொல்கிறது. ஃபாக்ஸும் அவருடைய தோழர்களும் அந்த 'எந்த' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். விதிவிலக்கு வைக்கவில்லை. ஒவ்வொருவருக்குள்ளும் அந்த ஒளி இருக்கிறது என்றால், ஒருவனுக்குத் தொப்பியைக் கழற்றி மற்றவனுக்குக் கழற்றாமல் இருப்பது எப்படிச் சரியாகும்?

அவர்கள் தங்களை 'நண்பர்கள்' என்றே அழைத்துக்கொண்டார்கள். 1650இல் டெர்பி நகரத்து நீதிபதி ஒருவர், கர்த்தரின் வார்த்தைக்கு நடுங்குங்கள் என்று தன்னிடமே சொன்ன ஃபாக்ஸைக் கேலி செய்து வைத்த பெயர் குவேக்கர், அதாவது நடுங்கிகள். கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது.

ஊர் ஊராகச் சிறை, சவுக்கடி. ஆனால் அறிஞர்களின் தாக்குதலுக்குப் பதில் சொல்லச் சவுக்கடிபட்ட முதுகு மட்டும் போதாதே. குவேக்கர்கள் படிக்காத கூட்டம், பைபிளை மதிக்காதவர்கள், ஞானஸ்நானம் இல்லாதவர்கள், பெண்களைப் பேச விடுகிறவர்கள் என்று நூற்றுக்கணக்கில் துண்டுப்பிரசுரங்கள் வந்துகொண்டிருந்தன. 'மோட்சப் பிரயாணம்' எழுதிய ஜான் பன்யனின் முதல் புத்தகமே குவேக்கர்களைத் தாக்கி எழுதியதுதான். இதற்கெல்லாம் முறையாகப் பதில் எழுத ஒருவர் ஸ்காட்லாந்திலிருந்து வந்தார்.

ராபர்ட் பார்க்ளே 1648இல் பிறந்தவர். அப்பா ஒரு போர்வீரர், கர்னல். பையனைப் படிக்கப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்காட் கல்லூரியின் தலைவராக இருந்தவர் அவருடைய சித்தப்பா, கத்தோலிக்கர். இங்கேயே இரு, என் சொத்தெல்லாம் உனக்குத்தான் என்றார் சித்தப்பா. அப்பா கூப்பிட்டதால் பையன் ஊர் திரும்பினான். ஆக, ஸ்காட்லாந்தின் கறாரான கால்வினியம் ஒரு பக்கம், பாரிஸின் கத்தோலிக்கம் இன்னொரு பக்கம் என்று இரண்டையும் உள்ளே இருந்து பார்த்தவர் பார்க்ளே. லத்தீன் சரளம். எடின்பரோ கோட்டையில் கைதியாக இருந்தபோது அப்பா குவேக்கரானார்; சில மாதங்களில் மகனும் ஆனார். எந்த வாதத்தாலும் தான் மாறவில்லை என்று பார்க்ளே பின்னாளில் எழுதினார். மௌனமாக உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தபோது ஏதோ ஒரு சக்தி தன் மனத்தைத் தொட்டதாகவும், தன்னுள் இருந்த கெட்டது தளர்ந்து நல்லது எழுந்ததாகவும் சொன்னார். ஆனால் வாதத்தால் மாறாத அவர்தான் குவேக்கர்களிலேயே தலைசிறந்த வாதக்காரரானார்.

'அப்பாலஜி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அவருடைய புத்தகம் 1676இல் ஆம்ஸ்டர்டாமில் லத்தீனில் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில் அவரே ஆங்கிலத்தில் தந்தார். 15 கருத்துகள், ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பும் பதிலும். பெயரைப் பார்த்து மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய கிரேக்கப் பொருளில் அது தன் தரப்பைக் காக்கும் வாதம்.

முதல் குற்றச்சாட்டு பைபிள் பற்றியது. பார்க்ளே பைபிளைக் கீழே இறக்கவில்லை. ஊற்றைப் பற்றிய சாட்சியம் வேறு, ஊற்று வேறு என்றார். வேதத்தை எழுதியவர்களுக்குள் பேசிய ஆவி இன்றும் பேசும்போது, அது அன்றோடு வாய் மூடிவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்? அதே சமயம், ஆவி சொன்னது என்று ஒருவன் வேதத்துக்கு எதிராக எதையாவது செய்தால் அது மாயை என்றே கொள்ள வேண்டும் என்றும் எழுதி வைத்தார். எதிராளிகள் இந்த வரியை வசதியாகத் தாண்டிப் போனார்கள்.

புத்தகத்தின் இதயம் வேறு இடத்தில் இருக்கிறது. இன்னார் மீட்கப்படுவார், இன்னார் நரகத்துக்குப் போவார் என்று கடவுள் முன்பே முடிவு செய்துவிட்டார் என்பது அன்றைய ஸ்காட்லாந்துத் திருச்சபையின் போதனை. கிறிஸ்துவின் பெயரையே கேள்விப்படாதவர்கள் என்ன ஆவார்கள் என்ற கேள்விக்கும் அதில் இரக்கமான பதில் இல்லை. பார்க்ளே இதை நேருக்கு நேர் எதிர்த்தார். பாவத்துக்குக் கடவுளையே காரணமாக்கும் போதனை அது என்றார். ஒளி எல்லாருக்கும் தரப்பட்டிருக்கிறது. சரித்திரத்தில் நடந்ததைக் கேள்விப்படாதவனும் தனக்குள் இருக்கும் ஒளிக்குச் செவிகொடுத்தால் மீட்கப்படுவான். சரித்திரம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்பவன் அந்த ஒளியைப் புறக்கணித்தால் சொன்னதால் பயனில்லை. கடவுளின் திருச்சபையில் துருக்கியரும் யூதரும் பிற மதத்தவரும் இருக்க முடியும் என்று 1676இல் அச்சில் எழுதியவர் அவர். சாட்சிக்கு ஓர் அரபுக் கதையைக் கூப்பிட்டார். 12ஆம் நூற்றாண்டின் இப்னு துஃபைல் எழுதிய 'ஹய் இப்னு யக்ஸான்' அது: ஆளில்லாத தீவில் தனியே வளர்ந்த ஒருவன், குரு இல்லாமல், நூல் இல்லாமல் கடவுளை அறிகிறான். கிறிஸ்தவ நம்பிக்கையைக் காக்க எழுதிய புத்தகத்தில் ஒரு முஸ்லிம் தத்துவ அறிஞரின் கதை மேற்கோளாக வருகிறது. அந்த நூற்றாண்டை அறிந்தவர்களுக்கு இதன் துணிச்சல் புரியும்.

இதை எழுதியவர்களும் நம்பியவர்களும் வாழ்க்கையில் அதை முழுக்கக் கடைப்பிடித்தார்களா? இல்லை. இதை மறைப்பதில் பயனில்லை. வில்லியம் பென்னே அடிமைகளை வைத்திருந்தார். 1671இல் பார்படோஸ் தீவுக்குப் போன ஃபாக்ஸ் அடிமைகளைக் கனிவோடு நடத்தச் சொன்னார், விடுவிக்கும்படி கட்டளையிடவில்லை. 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து எழுதிய மனுவைக் கூட்டங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தள்ளிவிட்டுக் கிடப்பில் போட்டன. பிலடெல்பியா குவேக்கர்கள் அடிமை வைத்திருப்பவர்களைச் சபையிலிருந்து விலக்க முடிவு செய்தது 1776இல்தான். 88 ஆண்டுகள். ஆனாலும் அந்த நால்வரின் மனு சாய்ந்து நின்றது, பிறர் நமக்குச் செய்ய வேண்டும் என்று விரும்புவதையே நாமும் அவர்களுக்குச் செய்ய வேண்டும், அதில் இனம், நிறம் பார்க்கக் கூடாது என்ற வாதத்தின் மேல்தான். கொள்கை சரியாக இருந்தது. அதைச் சொன்னவர்களின் கால்கள்தான் பின்தங்கின.

இனி வழிபாடு. பாதிரியார் இல்லை, பீடம் இல்லை, பாட்டு இல்லை, அச்சடித்த ஜெபம் இல்லை. நாற்புறமும் பெஞ்சுகள் போட்டு உட்கார்ந்து எல்லாரும் மௌனமாகக் காத்திருப்பார்கள். உள்ளிருந்து உந்துதல் வந்தால் ஒருவர் எழுந்து பேசுவார். சில நாள் யாருமே பேசாமல் கூட்டம் முடியும். அது வீணான நாள் அல்ல. பல விளக்குகளை ஓரிடத்தில் ஏற்றி வைத்தால் வெளிச்சம் பெருகுவதுபோல், சேர்ந்து காத்திருப்பவர்களின் மௌனத்தில் ஒருவரால் மற்றவருக்குப் பலம் வருகிறது என்பது பார்க்ளேயின் உவமை. தண்ணீரால் ஞானஸ்நானமும் அப்ப ரசமும் உள்ளே நடக்கும் ஒன்றின் நிழல்கள். நிஜம் வந்தபின் நிழல் எதற்கு என்று கேட்டார்.

சென்னையில் அந்த மௌனத்தைத் தெரிந்த ஒருவர் இருந்தார். 1928இல் வேப்பேரியின் பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த மார்ஜரி சைக்ஸ் பின்னாளில் குவேக்கரானார். தாகூரின் சாந்திநிகேதன், காந்தியின் சேவாகிராம் என்று பணியாற்றியபின் நீலகிரியின் கோத்தகிரியில் தங்கி அகிம்சைப் பயிற்சி முகாம்கள் நடத்தினார். கேரளத்தில் செங்கல்லால் எளிய வீடுகள் கட்டிக் கொடுத்த லாரி பேக்கரும் குவேக்கர்தான்.

உந்துதல் வந்தவர் எழுந்து பேசலாம் என்றால், அந்தப் பேச்சுக்கு ஆண், பெண் என்ற கணக்கு எப்படி இருக்கும்? மார்கரெட் ஃபெல் 1660களில் அரசனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து லங்காஸ்டர் கோட்டைச் சிறையில் நான்கு ஆண்டுகள் இருந்தார். பெண்கள் சபையில் பேசுவது நியாயமே என்று வேத வசனங்களை அடுக்கி வாதாடும் சிறுநூலை அவர் 1666இல், அந்தச் சிறைவாசக் காலத்தில் வெளியிட்டார். உயிர்த்தெழுந்த செய்தியை முதலில் கொண்டுவந்து சொன்னவர்கள் பெண்கள்தானே, அவர்களை நம்பியிருக்கக் கூடாதா என்பது அவர் வாதத்தின் முக்கியமான இடம். மேரி ஃபிஷர் என்ற வேலைக்காரப் பெண் இன்னும் தூரம் போனார். 1656இல் பாஸ்டனில் அவரையும் தோழியையும் சூனியக்காரிகளா என்று உடலைச் சோதித்துச் சிறையில் வைத்து, புத்தகங்களைக் கொளுத்தித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, கால்நடையாகவும் கப்பலிலும் போய், எதிர்னே நகருக்கு வெளியே பாளையமிட்டிருந்த துருக்கி சுல்தான் நான்காம் மெஹ்மத்தைச் சந்தித்துத் தன் செய்தியைச் சொன்னார். சுல்தான் மரியாதையோடு கேட்டார், வழித்துணைக்குக் காவலர்களைத் தருவதாகச் சொன்னார். மேரி வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். அதே பாஸ்டனில் 1660 ஜூன் 1 அன்று மேரி டயர் என்ற குவேக்கர் பெண்ணைத் தூக்கில் போட்டார்கள். ஊருக்குள் வரக்கூடாது என்ற தடையை மீறித் திரும்பத் திரும்ப வந்ததுதான் அவர் குற்றம்.

எதிராளிகளிடம் ஒரு வலுவான ஆயுதம் இருந்தது: ஜேம்ஸ் நெய்லர். ஃபாக்ஸுக்கு இணையாகப் பேசக்கூடியவர். 1656 அக்டோபரில், கொட்டும் மழையில், சீடர்கள் சிலர் ஓசன்னா பாட, குதிரையில் பிரிஸ்டல் நகருக்குள் நுழைந்தார். எருசலேமில் இயேசு நுழைந்த காட்சியை நடித்தது போலிருந்தது. தான் கிறிஸ்து என்று சொல்லவில்லை, எல்லாருக்குள்ளும் இருக்கும் கிறிஸ்துவுக்கு இது அடையாளம் என்றார் நெய்லர். நாடாளுமன்றம் வாரக்கணக்கில் விவாதித்தது. மரண தண்டனை 82க்கு 96 என்ற வாக்கில் தப்பியது. பதிலாக, முதுகில் 300க்கு மேல் சவுக்கடி, நாக்கில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை, நெற்றியில் சூட்டுக்கோல் எழுத்து. உள்ளொளி, உள்ளொளி என்றீர்களே, கடைசியில் இங்கேதானே கொண்டுவந்து விடுகிறது என்ற கேள்வி குவேக்கர்களை வெகுகாலம் துரத்தியது.

கேள்வி நியாயமானது. அதற்கு அவர்கள் கண்ட பதில் வாதத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது. ஒருவருக்குள் தோன்றுவதை எல்லாரும் சேர்ந்து காத்திருந்து சோதிக்க வேண்டும் என்று மாதக் கூட்டம், காலாண்டுக் கூட்டம், ஆண்டுக் கூட்டம் என்ற அமைப்பை ஃபாக்ஸ் 1660களில் ஊர் ஊராகப் போய் உருவாக்கினார். அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. ஒருவர் மனத்தில் உறுத்தல் இருந்தாலும் காத்திருப்பார்கள். எல்லாருக்கும் ஒத்துவந்த பிறகு எழுத்தர் அதைக் குறித்து, அங்கேயே படித்துக் காட்டுவார். மெதுவான வழிதான். 51 பேர் சேர்ந்து 49 பேரை வாயடைக்கும் வழியைவிட இது மேலானது என்று சொல்லத் தயக்கமில்லை.

ஆயுதம் ஏந்துவதில்லை என்ற அறிக்கையை 1661 ஜனவரியில் இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் கொடுத்தார்கள். அதே மாதம் லண்டனில் வேறொரு மதக்குழு நடத்திய கலகத்தின் பழியில் ஆயிரக்கணக்கான குவேக்கர்களைச் சிறையில் அடைத்திருந்தார்கள். பார்க்ளே தன் புத்தகத்தை அதே மன்னருக்குத்தான் காணிக்கையாக்கினார். அன்றைய காணிக்கை உரைகளில் இருக்கும் துதிபாடல் அதில் ஒரு வரியும் இல்லை. நாடு கடத்தப்பட்டு அலைந்த வேதனையை நீ அறிவாய், ஒடுக்கப்படுவது என்னவென்று அனுபவித்திருக்கிறாய். இத்தனைக்குப் பிறகும் கடவுளை மறந்தால் உன் தண்டனை பெரிதாக இருக்கும் என்ற பொருள்பட, ஒருமையிலேயே எழுதினார். புத்தகம் வெளியான ஆண்டிலேயே அபர்டீனில் அவரைச் சிறையில் அடைத்தார்கள்.

குவேக்கர்களைச் சிறையில் தள்ள அதிகாரிகளுக்கு எப்போதும் கையில் இருந்த சுலபமான கருவி சத்தியப் பிரமாணம். வேறு குற்றம் நிரூபணமாகவில்லையா? பைபிளில் கைவைத்து அரசனுக்கு விசுவாசப் பிரமாணம் செய் என்பார்கள். சத்தியமே பண்ணக்கூடாது, உள்ளதை உள்ளது என்று சொன்னால் போதும் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொல்லியிருக்கிறாரே என்று குவேக்கர் மறுப்பார். உடனே சிறை. சத்தியம் செய்தால்தான் உண்மை பேசுவேன் என்றால் மற்ற நேரமெல்லாம் பொய் பேசுவேன் என்றல்லவா ஆகிறது என்பது அவர்கள் வாதம். கடையிலும் அதே கதைதான். ஒரு விலை சொல்லிவிட்டு இறங்கி வருவது பொய் என்று பேரமில்லாமல் ஒரே விலைக்கு விற்றார்கள். முதலில் ஓடிப்போன வாடிக்கையாளர்கள், குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்று திரும்பி வந்தார்கள். இன்றைய பார்க்ளேஸ் வங்கியின் பெயர், நம் ராபர்ட் பார்க்ளேயின் பேரன் வழியாக வந்தது.

1689இல் மதச் சகிப்புச் சட்டம் வந்தது. 1690இல் பார்க்ளே 41 வயதில் ஊரி என்ற தன் குடும்பப் பண்ணையில் இறந்தார். அடுத்த ஜனவரியில் லண்டனில் ஃபாக்ஸ் இறந்தார். 1696இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: குவேக்கர்கள் சத்தியம் செய்ய வேண்டாம், உறுதி கூறினால் போதும். ஆனால் அந்த உறுதிமொழியில் சர்வவல்லவரின் சந்நிதியில் என்ற சொற்கள் இருந்தன. இதுவும் சத்தியம்தானே என்று குவேக்கர்களிலேயே பலர் அதை ஏற்கவில்லை. இன்னொரு கால் நூற்றாண்டு விடாமல் கேட்டார்கள். 1722இல் அந்தச் சொற்களும் நீங்கின.

இந்தியாவின் அரசியலமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அமைச்சர்களுக்கும் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் நீதிபதிகளுக்கும் இரண்டு வழிகள் இருக்கின்றன. கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். தமிழ்நாட்டு அமைச்சர்கள் பலர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் காரணம், கடவுள் நம்பிக்கை இல்லாதது. இங்கிலாந்துச் சட்டத்தில் இந்த இரண்டாவது வழியை முதலில் திறந்தவர்களுக்குக் காரணம் அதற்கு நேர் எதிரானது. கடவுள் தங்களுக்குள் எந்நேரமும் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று நம்பியதால், சாட்சிக் கூண்டில் மட்டும் அவர் பெயரைச் சொல்லி அழைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

(தொடரும்)